கழுதைக்குக் கட்டிய சிவப்பு ரிப்பன்: பிளைனை குவென்ட் தொகுதியின் தேர்தல் கதை

மூளைக் கட்டியோடு ஓராண்டுக்கும் மேலாகப் போராடிய பீட்டர் லா 2006 ஏப்ரல் 25 அன்று இறந்தார். வயது 58. ஒருவர் இறந்ததில் இரண்டு இடங்கள் காலியாயின. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில் ஒன்று, கார்டிஃபில் வேல்ஸ் தேசிய அவையில் ஒன்று. ஒருவரே இரண்டு அவைகளிலும் உறுப்பினராக இருக்க அப்போது சட்டம் இடம் கொடுத்தது. தொகுதியும் ஒன்றுதான்: பிளைனை குவென்ட். அந்த ஆண்டு ஜூன் 29 அன்று, ஒரே நாளில், அங்கே இரண்டு இடைத்தேர்தல்கள் நடந்தன. நாடாளுமன்றத்துக்கு நின்றவர் டை டேவிஸ். உருக்காலையில் வேலை பார்த்தவர், லாவின் தேர்தல் பணிகளை முன்னின்று கவனித்தவர். தேசிய அவைக்கு நின்றவர் லாவின் மனைவி ட்ரிஷ் லா. அதற்கு முன் அரசியல் பதவி எதையும் வகித்ததில்லை. இருவரும் சுயேச்சைகள். டேவிஸ் 12,543 வாக்குகள் பெற்று 2,484 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ட்ரிஷ் லா பெற்றது 13,785, வித்தியாசம் 4,464. இரண்டிலும் தோற்றது தொழிற்கட்சி.

பிளைனை குவென்டில் தொழிற்கட்சி தோற்பது எப்படிப்பட்ட செய்தி என்று தெரிய அந்த மண்ணைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தெற்கு வேல்ஸின் பள்ளத்தாக்குகளில் ஒரு பேச்சு உண்டு: கழுதைக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி நிறுத்தினாலும் ஜனங்கள் ஓட்டுப் போடுவார்கள். சிவப்பு, தொழிற்கட்சியின் நிறம். சொல்பவர் எந்தக் கட்சிக்காரர் என்பதைப் பொறுத்து இது பெருமையாகவும் ஒலிக்கும், புலம்பலாகவும் ஒலிக்கும். தலைமுறைக் கணக்கில் அந்தப் பேச்சை மெய்யென்று காட்டிய தொகுதி, 2005-இல் லாவைச் சுயேச்சையாக வெல்லவைத்து அதைப் பொய்யாக்கியது. ஏன் பொய்யாக்கியது என்பதற்கு அந்த ஆண்டின் செய்தித்தாள்கள் சொன்ன காரணம் சரியானதுதான், ஆனால் பாதி. மீதிப் பாதி 1929-இல் இருக்கிறது.

வேல்ஷ் மொழியில் 'பிளைனை' என்றால் பள்ளத்தாக்குகளின் தலைமாடு. ஆறுகள் ஊற்றெடுக்கும் மேட்டுப் பகுதி. எப்பு ஆற்றின் இரண்டு கிளைகளும் சிர்ஹவி ஆறும் இங்கேதான் பிறந்து தெற்கே கடலை நோக்கி இறங்குகின்றன. எப்பு வேல், ட்ரெடீகர், பிரின்மாவர், நாண்டிகுளோ, பிளைனா, அபர்டிலரி ஆகியவை ஊர்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரும்பு உருக்க வந்தவர்கள் இந்த ஊர்களை உண்டாக்கினார்கள். பின்பு நிலக்கரி, அதன் பின்பு உருக்கு. மலைச்சரிவில் வரிசை வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள், ஒவ்வொரு தெருவிலும் ஒரு தேவாலயம், ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு சங்கக் கிளை. தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு பங்கைக் கழித்துக் கொடுத்து நடத்திய ட்ரெடீகர் மருத்துவ உதவிச் சங்கம், ஊருக்கே டாக்டரும் மருந்தும் கொடுத்தது. அந்த ஊரில் 1897-இல் பிறந்து, சிறுவயதிலேயே சுரங்கத்தில் இறங்கிய அனைரின் பெவன், பின்னாளில் சுகாதார அமைச்சராகி 1948 ஜூலை 5 அன்று பிரிட்டன் முழுமைக்கும் இலவச மருத்துவ சேவையைத் தொடங்கிவைத்தார்.

பெவன் எப்படி வேட்பாளரானார் என்பது அவரது புகழ் பாடுவோர் ஒரு வரியில் தாண்டிப்போகும் இடம். நமக்கு அதுதான் முக்கியம். அப்போது தொகுதியின் பெயர் எப்பு வேல். அங்கே ஏற்கெனவே தொழிற்கட்சியின் உறுப்பினர் ஒருவர் இருந்தார், ஈவான் டேவிஸ். அவரால் தொகுதிக்குப் பயன் இல்லை என்ற முணுமுணுப்பு வளர்ந்தபோது, சுரங்கத் தொழிலாளர் சங்கம் தன் உறுப்பினர்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது. பதவியில் இருந்தவரை ஒதுக்கிவிட்டு 31 வயது பெவனைத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். தொழிற்கட்சியை எதிர்த்து யாரும் ஜெயிக்க முடியாத இடத்தில் உண்மையான தேர்தல் அதுதான். பொதுத் தேர்தல் அதற்குப் பிந்திய சடங்கு. 1945-இல் பெவனுக்கு நூற்றுக்கு 80 வாக்குகள் விழுந்தன என்பதைக் கட்சிப் பற்று என்று மட்டும் படிப்பவர்கள், வேட்பாளரைத் தாங்களே பொறுக்கி எடுத்த உரிமையும் அந்த 80-க்குள் இருக்கிறது என்பதைத் தவறவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்சி மேலிடம் தண்டித்த ஆளைத் தோளில் தூக்கிக்கொள்வது இந்தத் தொகுதிக்குப் புதிதல்ல. 1939 மார்ச்சில் தொழிற்கட்சி பெவனை வெளியேற்றியது. பாசிசத்துக்கு எதிராக மற்றக் கட்சிகளோடு கைகோக்க வேண்டும் என்று பிரசாரம் செய்ததுதான் குற்றம். ஆண்டு முடிவதற்குள் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 1955-இல் நாடாளுமன்றக் கட்சிக் குழுவிலிருந்து மறுபடி விலக்கியது. 1960-இல் பெவன் இறந்ததும் அந்த இடத்துக்கு வந்த மைக்கேல் ஃபுட், அடுத்த ஆண்டே மேலிடத்தை மீறி வாக்களித்து அதே தண்டனையை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் தொகுதி கொறடாவின் பக்கம் நிற்கவில்லை, தன் ஆளின் பக்கம் நின்றது. ஃபுட் வெளியூர்க்காரர், இங்கிலாந்தின் பிளிமத்தில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், பத்திரிகையாளர். அவர் 1992 வரை 32 ஆண்டுகள் இந்த மக்களின் பிரதிநிதியாக இருந்தார். ஆகவே 'வெளியூர் ஆளை ஏற்காத ஊர்' என்று 2005-இல் லண்டன் நிருபர்கள் எழுதியது சரித்திரத்தோடு ஒட்டவில்லை. ஃபுட்டை உள்ளூர்க் கட்சிக்காரர்கள் விரும்பி அழைத்தார்கள். அழைத்து வந்தவருக்கும் அனுப்பி வந்தவருக்கும் உள்ள வித்தியாசம் இது.

1983-இல் தொகுதி எல்லைகள் திருத்தப்பட்டபோது, பழைய எப்பு வேலிலிருந்து ரம்னி பிரிந்தது, அபர்டிலரி சேர்ந்தது, பிளைனை குவென்ட் என்ற பெயர் வந்தது. அதற்கு முன்பே அடித்தளம் ஆட்டம் கண்டிருந்தது. எப்பு வேலில் உருக்கு உற்பத்தி 1970-களிலேயே நின்றுவிட்டது. மிஞ்சியது தகரத் தகடு வேலை. பள்ளத்தாக்கின் கடைசி ஆழ்சுரங்கமான மரைன் சுரங்கம் 1989-இல் மூடப்பட்டது. ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட ஆலை 2002-இல் முழுதாகக் கதவடைத்தது. தேர்தல் எண்கள் இந்தச் சரிவை வேறு விதமாகச் சொல்லும். ஃபுட்டுக்குப் பின் வந்த லூ ஸ்மித்தின் வாக்கு வித்தியாசம் 1992-இல் 30,067, 1997-இல் 28,035, 2001-இல் 19,313. எதிர்க்கட்சிகள் வளரவில்லை. வாக்குச்சாவடிக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். 1992-இல் நூற்றுக்கு 78 பேர் வாக்களித்த தொகுதியில் 2001-இல் அந்த எண்ணிக்கை 60-ஐத் தொடவில்லை. சுவர் உயரமாகத் தெரிந்த கோட்டைக்குள் காவலர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் வேல்ஸுக்குத் தனி அவை வந்தது. 1997 செப்டம்பர் 18 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், அவை வேண்டும் என்றவர்கள் வேல்ஸ் முழுவதிலும் வெறும் 6,721 வாக்குகளில் முந்தினார்கள், நூற்றுக்கு 50.3. பிளைனை குவென்ட் மக்கள் 56.1 விழுக்காடு ஆதரவு தந்தார்கள். அவர்களுடைய நாடாளுமன்ற உறுப்பினர் லூ ஸ்மித், அவை வேண்டாம் என்று பிரசாரம் செய்த தொழிற்கட்சிக்காரர்களில் ஒருவர். தங்கள் ஆளைப் பதவியில் வைத்துக்கொண்டே அவர் சொன்னதற்கு மாறாக வாக்களிப்பதில் அவர்களுக்குச் சங்கடம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

புதிய அவையில் 60 இடங்கள். 40 பேரைப் பழைய தொகுதிகள், பழைய முறைப்படியே தேர்ந்தெடுக்கும். மீதி 20 பேர் ஐந்து வட்டாரங்களிலிருந்து, கட்சிப் பட்டியல் வழியாக வருவார்கள். வாக்காளருக்கு இரண்டு வாக்கு: ஒன்று ஆளுக்கு, ஒன்று பட்டியலுக்கு. பட்டியல் இடங்களைப் பங்கிடும்போது, தொகுதிகளில் நிறைய வென்ற கட்சிக்கு அந்த வெற்றிகள் கழித்துக்கொள்ளப்படும். தென்கிழக்கு வேல்ஸ் வட்டாரத்தில் எட்டுத் தொகுதிகளில் பெரும்பாலானவற்றைத் தொழிற்கட்சியே வென்றுகொண்டிருந்ததால், பட்டியலின் நான்கு இடங்களும் பிறருக்கே போகும். பிளைனை குவென்டின் தொழிற்கட்சி வாக்காளர் போட்ட இரண்டாவது வாக்கு, கணக்குப்படி, காற்றில் போட்ட வாக்கு. ஆளுக்குப் போடும் வாக்குத்தான் உயிருள்ளது. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, கடைசியில் தேவைப்படும்.

1999 மே மாதத்து முதல் தேர்தலில் பள்ளத்தாக்குகளில் பூகம்பம். வேல்ஸின் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி, ரொண்டாவையும் லனெல்லியையும் பிடித்தது. பக்கத்துத் தொகுதியான இஸ்லுவினையும் பிடித்தது. இஸ்லுவின், தொழிற்கட்சியின் முன்னாள் தலைவர் நீல் கின்னக்கின் பழைய தொகுதி. பிளைனை குவென்ட் அசையவில்லை. அங்கே நின்றவர் பீட்டர் லா. உள்ளாட்சியில் நெடுங்காலம் ஊறியவர், தெருவில் நடந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடப்படுகிறவர். அமைச்சராகவும் ஆனார். உள்ளாட்சித் துறை அவரிடம் இருந்தது. 2000 அக்டோபரில் முதல்வர் ரோட்ரி மார்கன் லிபரல் ஜனநாயகக் கட்சியோடு கூட்டணி அமைத்தபோது அவர்களுக்கு இடம் கொடுக்க லாவின் பதவி பறிபோனது. கூட்டணியைப் பற்றி அதன் பிறகு அவர் பேசியவற்றில் அந்தக் காயம் தெரியும். 2003-இல் நூற்றுக்கு 70 வாக்குகளோடு திரும்பி வந்தார். அந்தத் தேர்தலில் வேல்ஸ் முழுவதும் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 38 பேர் மட்டுமே என்பதையும் சேர்த்தே இந்த எழுபதைப் படிக்க வேண்டும். 60-இல் 30 இடங்களைத் தொழிற்கட்சி பிடித்தது. அவைத்தலைவரும் துணைத்தலைவரும் எதிர்த்தரப்பிலிருந்து வந்ததால் அந்த 30-ஐ வைத்து மார்கன் தனித்து ஆள முடிந்தது. ஒரே ஓர் ஆள் குறைந்தாலும் முடியாது.

அந்த ஓர் ஆள்தான் லா.

லூ ஸ்மித் ஓய்வு பெறுவதாக அறிவித்ததும், வெஸ்ட்மின்ஸ்டர் வேட்பாளரைப் பெண்கள் மட்டுமே கொண்ட பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தொழிற்கட்சி மேலிடம் முடிவு செய்தது. இந்த முடிவைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டுமானால், அதற்கு நியாயம் இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1997-க்கு முன், வெஸ்ட்மின்ஸ்டருக்கு வேல்ஸ் அனுப்பிய பெண்கள் மொத்தம் நான்கே பேர். மெகன் லாய்ட் ஜார்ஜ் 1929-இல் முதலாவதாகப் போனார். அதிலிருந்து அறுபத்தெட்டு ஆண்டுகளில் இன்னும் மூவர், அவ்வளவுதான். 'தகுதியான பெண் வந்தால் தருவோம்' என்று உள்ளூர் ஆண்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தகுதியான பெண் வந்தபாடில்லை. 1990-களில் தொழிற்கட்சி கொண்டுவந்த பெண்கள் பட்டியலை 1996-இல் ஒரு தீர்ப்பாயம் சட்டவிரோதம் என்றது. 2002-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அதற்கு வழி திறந்தது. தேசிய அவைக்கு 1999-இல் வேறொரு உத்தி: பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒன்றுக்கு ஆண், ஒன்றுக்குப் பெண். அதன் பலனாக 2003-இல் கார்டிஃப் அவையில் 30 ஆண்கள், 30 பெண்கள். சட்டமன்றம் ஒன்றில் சரிபாதிப் பெண்கள் என்பது உலகில் அதுவே முதல் முறை. கொள்கை வேலை செய்தது. அதைக் கேலி செய்கிறவர்கள் இந்த எண்ணைத் தாண்டிச் செல்ல முடியாது.

ஆனால் பிளைனை குவென்டில் அந்தக் கொள்கையின் முகமாக வந்தவர் மேகி ஜோன்ஸ். யூனிசன் தொழிற்சங்கத்தின் தேசிய அதிகாரி, லண்டனில் வாழ்ந்தவர். உள்ளூர்க் கட்சி கேட்டது வேறு, மேலிடம் கொடுத்தது வேறு. இத்தனை பாதுகாப்பான இடத்தைத் தமக்கு வேண்டியவருக்குக் கொடுக்கப் பெண்கள் பட்டியல் ஒரு சாக்கு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இது உண்மையா, இல்லையா என்பதைவிட, எல்லோரும் அப்படி நம்பினார்கள் என்பதுதான் தேர்தலை நடத்தியது. 1929-இல் தொழிலாளர்கள் கையில் இருந்த தேர்வுச் சீட்டு இப்போது லண்டனில் ஒரு குழுவிடம் போயிருந்தது. நல்ல காரியத்துக்காகவே போயிருக்கலாம். போனது போனதுதான்.

பீட்டர் லா சுயேச்சையாக நிற்பதாக அறிவித்தார். கட்சி உறவு முறிந்தது. தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அவருக்கு மூளையில் கட்டி இருப்பது தெரிந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். சிகிச்சை முடித்து வந்து வாக்குக் கேட்டார். 2005 மே 5 அன்று எண்ணிய வாக்குகள்: லா 20,505. ஜோன்ஸ் 11,384. நான்கு ஆண்டுகளுக்கு முன் 19,313 வித்தியாசத்தில் வென்ற கட்சி 9,121 வித்தியாசத்தில் தோற்றது. இந்த எண்களில் என் கண் நிற்பது வேறொன்றில். 2001-இல் 60-க்குக் கீழே போன வாக்குப்பதிவு 2005-இல் 66-க்கு ஏறியது. வீட்டுக்குப் போன காவலர்கள் திரும்பி வந்தார்கள், கோட்டையைப் பிடிக்க.

லாவுக்காக வேலை செய்த உள்ளூர்க்காரர்கள் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பல பேர் பல பத்தாண்டு உறுப்பினர்கள். லா இறந்த பிறகு ட்ரிஷ் லா ஒரு குற்றச்சாட்டைச் சொன்னார்: போட்டியிடாமல் விலகினால் பிரபுக்கள் அவையில் இடம் தருவதாகத் தம் கணவரிடம் பேசினார்கள் என்றார். தொழிற்கட்சி மறுத்தது. மேகி ஜோன்ஸ் 2006-இல் பிரபுக்கள் அவைக்குப் போனார். இடைத்தேர்தலில் கட்சி இந்த முறை ஓர் ஆணை நிறுத்தியது. அவர் ஓவென் ஸ்மித், பத்து ஆண்டுகள் கழித்து ஜெரமி கோர்பினை எதிர்த்துக் கட்சித் தலைமைக்கு நின்று தோற்றவர். ஆண், பெண் என்பதுதான் பிரச்சினையாக இருந்திருந்தால் அவர் வென்றிருக்க வேண்டும்.

வென்றது ட்ரிஷ் லா. அவர் உள்ளே நுழைந்த அன்று கார்டிஃப் அவையில் பெண்கள் 31, ஆண்கள் 29. பெண்கள் பட்டியலை எதிர்த்து எழுந்த கலகத்தின் கடைசிப் பலனாக, வேல்ஸ் அவையில் பெண்கள் பெரும்பான்மை ஆனார்கள். இப்படி ஒரு முடிச்சை எந்த நாவலாசிரியர் எழுதியிருந்தாலும் மிகை என்று ஒதுக்கியிருப்போம்.

லாவின் விலகல் கார்டிஃபில் என்ன செய்தது என்பது தனிக் கதை. 30 என்பது 29 ஆனது. பெரும்பான்மை இல்லாத அரசு வாக்கெடுப்புகளில் தோற்கத் தொடங்கியது; பல்கலைக்கழகக் கட்டண உயர்வு பற்றிய வாக்கெடுப்பு அவற்றில் முதன்மையானது. எதிர்க்கட்சிகளோடு பேரம் பேசாமல் வரவுசெலவுத் திட்டமும் நிறைவேறாது என்ற நிலை. லண்டனுக்கான வேட்பாளர் தேர்வில் செய்த ஒரு பிழை கார்டிஃப் அரசை முடமாக்கியது. 2007 அவைத் தேர்தலில் ட்ரிஷ் லா 12,722 வாக்குகள் பெற்று, 5,357 வித்தியாசத்தில் மறுபடி வென்றார். தொழிற்கட்சிக்கு அந்தத் தேர்தலில் 26 இடங்களே கிடைத்தன. பிளைட் கம்ரியோடு கூட்டணி அமைக்க வேண்டியதாயிற்று.

கலகம் இயக்கமாக மாற முயன்றது. 'மக்கள் குரல்' என்ற பெயரில் அமைப்பு கண்டார்கள். ஆனால் கோபத்தை வைத்து ஒரு தேர்தலை வெல்லலாம், இரண்டை வெல்லலாம். அதை வைத்துக் கட்சி நடத்துவது கடினம். கோபத்துக்குக் கொள்கை கிடையாது. தொழிற்கட்சியும் பாடம் படித்தது. 2010-இல் ட்ரெடீகரில் வளர்ந்த நிக் ஸ்மித்தை நிறுத்தியது. டை டேவிஸ் 10,516 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். தொழிற்கட்சி நாடு முழுவதும் ஆட்சியை இழந்த அந்தத் தேர்தலில், இங்கே மட்டும் நூற்றுக்கு 29 அளவுக்கு அலை அதன் பக்கம் திரும்பியது. 2011-இல் ட்ரிஷ் லா ஒதுங்கிக்கொண்டார். தொழிற்கட்சிக்கு ஆலன் டேவிஸ் 12,926 வாக்குகள் பெற்றார். அடுத்து வந்த சுயேச்சைக்கு 3,806. இந்த ஆலன் டேவிஸும் ட்ரெடீகர்க்காரர். இளமையில் பிளைட் கம்ரிக்காரராக இருந்து தேர்தலில் நின்றவர், பிறகு கட்சி மாறியவர். ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஆள், நேரே வந்து கேட்கிறார், போதும்.

எல்லாம் பழையபடி ஆயிற்று என்று கட்சி நம்பியிருக்கக்கூடும். 2016 மே 5 அந்த நம்பிக்கையைக் கிள்ளிப் பார்த்தது. ஆலன் டேவிஸ் 8,442, பிளைட் கம்ரியின் நைஜல் கோப்னர் 7,792. வெறும் 650 வாக்குகள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வேண்டும் என்ற யூகிப் கட்சிக்கு மூன்றாவது இடம், 3,423. வேல்ஷ் பேசுவோர் மிகக் குறைவான, தேசியக் கட்சிக்கு அடித்தளமே இல்லாத பகுதி இது. லாவுக்கு விழுந்த வாக்குகளில் ஒரு பகுதி வீடு திரும்பாமல், புதிய முகவரி தேடிக்கொண்டிருந்தது என்றுதான் இதை என்னால் படிக்க முடிகிறது. அந்தத் தேர்தலுக்குப் பின் முதல்வரைத் தேர்ந்தெடுக்க அவை கூடியபோது தொழிற்கட்சியின் கார்வின் ஜோன்ஸுக்கும் பிளைட் கம்ரியின் லியான் வுட்டுக்கும் 29-29 என்று சமமாக வாக்குகள் விழுந்தன. பிளைனை குவென்டில் இன்னும் 326 பேர் மனம் மாறியிருந்தால் அந்தச் சமநிலை இருந்திருக்காது.

ஏழு வாரங்கள் கழித்து, ஜூன் 23 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்று பிளைனை குவென்ட் 62 விழுக்காடு வாக்களித்தது. வேல்ஸிலேயே அதிகம். பழைய உருக்காலை இருந்த இடத்தில் ஐரோப்பிய நிதி உதவியோடு எழுந்தவற்றின் முன் நின்று, கேமராக்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள்: வாங்கிய கையைக் கடிக்கிறார்களே! 2005-ஐப் படித்தவருக்கு அவ்வளவு ஆச்சரியம் வராது. இங்கே கொடுத்தது எவ்வளவு என்ற கேள்வி எப்போதும் இரண்டாவதாகத்தான் வந்திருக்கிறது. கேட்டுக் கொடுத்தார்களா என்பது முதல் கேள்வி. இதை நான் நியாயப்படுத்தவில்லை. பெரிய பந்தயச் சாலை ஒன்று எப்பு வேலுக்கு வரும், ஆயிரக்கணக்கில் வேலை வரும் என்று பல ஆண்டுகள் பேசிவிட்டு, 2017 ஜூனில் உத்தரவாதம் தர முடியாது என்று கார்டிஃப் அரசு கைவிரித்தது. அந்தத் திட்டத்துக்காக அரசு அமைப்பு ஒன்றிடம் வாதாடி, அமைச்சர்களுக்கான விதியை மீறினார் என்ற விசாரணை முடிவை ஆலன் டேவிஸ் 2014-இல் சந்தித்தார். அடுத்து வந்த வேறொரு சர்ச்சையில் அமைச்சர் பதவியும் போனது. அதே 2017-இல் உள்ளாட்சி மன்றத்தைச் சுயேச்சைகள் தொழிற்கட்சியிடமிருந்து பறித்தார்கள். 2022-இல் தொழிற்கட்சி திரும்பப் பிடித்தது. ஊசல் நிற்கவில்லை.

2020-இல் தேசிய அவை 'செனெத்' என்று பெயர் மாறியது. 2021-இல் 16 வயதினரும் வாக்களித்த முதல் தேர்தலில் ஆலன் டேவிஸ் நிம்மதியாகவே வென்றார். அவரே பிளைனை குவென்ட் என்ற தொகுதியின் கடைசி உறுப்பினர். 1999-இல் பிறந்த அந்தச் செனெத் தொகுதியின் ஆயுள் 27 ஆண்டுகள்.

2024-இல் நிறைவேறிய சட்டம் செனெத்தின் உறுப்பினர் எண்ணிக்கையை 60-இலிருந்து 96 ஆக்கியது. 40 தொகுதிகளும் 5 வட்டாரங்களும் போய், 16 பெரிய தொகுதிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆறு உறுப்பினர்கள். 2026 மே மாதத் தேர்தலிலிருந்து வாக்காளருக்கு ஒரே ஒரு வாக்கு. அது கட்சிக்கு. பட்டியலில் யார் முதலில், யார் ஆறாவது என்பதைக் கட்சியே முடிவு செய்யும். வாக்காளர் அந்த வரிசையைத் தொட முடியாது. சுயேச்சை நிற்கலாம், தடை இல்லை. பழைய முறையில் விகிதம் பார்க்காமல் ஒரு கட்சியே இடங்களை அள்ளியதை நினைத்தால் புதிய முறை நியாயமானது. காற்றில் போன அந்த இரண்டாவது வாக்கு இனிக் காற்றில் போகாது. ஆனால் அதைச் செய்ய இந்த வழி மட்டும்தான் இருந்தது என்று சொல்ல முடியாது. 2017-இல் லாரா மெக்காலிஸ்டர் தலைமையிலான வல்லுநர் குழு, வேட்பாளர்களை வாக்காளரே 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் முறையை முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. 2022-இல் தொழிற்கட்சித் தலைவரும் பிளைட் கம்ரித் தலைவரும் பேசி எடுத்த முடிவு, மூடிய பட்டியல். பட்டியல்களில் பெண்களுக்குப் பாதி இடம் கட்டாயமாக்கும் தனி மசோதா ஒன்றும் வந்தது. அதற்கு அவைக்கு அதிகாரம் உண்டா என்ற சந்தேகத்தில் 2024 செப்டம்பரில் அதைத் திரும்பப் பெற்றார்கள். 2005-இல் பிளைனை குவென்டில் மோதிய இரண்டு நியாயங்களில், பெண்களுக்கான இடம் சட்டமாகவில்லை. வேட்பாளர் வரிசையைக் கட்சி தீர்மானிக்கும் உரிமை சட்டமாயிற்று.

புதிய தொகுதியின் பெயர் பிளைனை குவென்ட் கேர்ஃபிலி ரம்னி. 2025 அக்டோபர் 23 அன்று கேர்ஃபிலியில் நடந்த இடைத்தேர்தலில், நூறாண்டாக அங்கே வென்றுவந்த தொழிற்கட்சி நூற்றுக்கு 11 வாக்குகளோடு மூன்றாம் இடத்துக்குப் போனது. பிளைட் கம்ரியின் லின்சி விட்டில் வென்றார். கழுதைக்கு ரிப்பன் கட்டும் காலம் கேர்ஃபிலியிலும் முடிந்தது.

ட்ரெடீகருக்கும் எப்பு வேலுக்கும் நடுவே, பெவன் திறந்தவெளிக் கூட்டங்களில் பேசிய மேட்டில், அவர் நினைவாக நான்கு கற்களை நட்டிருக்கிறார்கள். பெரியது அவருக்கு. சுற்றி நிற்கும் மூன்றும் அவர் பிரதிநிதியாக இருந்த மூன்று ஊர்களுக்கு: எப்பு வேல், ட்ரெடீகர், ரம்னி. 1983-இல் ரம்னியைப் பிரித்து மெர்தர் டிட்ஃபிலோடு சேர்த்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் 2024-இல் அது திரும்பி வந்தது. செனெத் தொகுதியில் 2026-இல். இடையில் போன நாற்பது ஆண்டுகளிலும் ரம்னியின் கல் அதே இடத்தில்தான், மற்ற இரண்டின் பக்கத்தில் நின்றது.